கறிவேப்பிலைத் தொட்டியில் தொடங்குங்கள்: பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூச்சிகளையும் சிலந்திகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தபோது, என்னிடம் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும், சேமிப்பில் கொஞ்சம் பணமும் இருந்தன. அந்தப் பணத்தை முதல் ஆண்டிலேயே தவறான வரிசையில் கரைத்துவிட்டேன். முதலில் மிக அருகில் படமெடுப்பதற்கான விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ், அடுத்து கனமான முக்காலி, அதற்கடுத்து மலைக்குப் பயணம், எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் ஃப்ளாஷ் விளக்கு என்று வாங்கிய எனக்கு, இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கியிருந்தால் பாதிப் பணமும் ஓராண்டுக் காலமும் மிஞ்சியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதியிலும் அதிகாலையிலும் கிடைக்கும் நேரத்தில் இதைப் பழக நினைக்கும் தமிழ்நாட்டு வாசகர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. முதல் மாதம் வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்

புதியவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மேற்குத் தொடர்ச்சி மலைதான். நானும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வால்பாறைக்குப் போய், அட்டைக்கடியோடும் மங்கலான நாற்பது படங்களோடும் திரும்பினேன். திரும்பிய வாரத்திலேயே மொட்டை மாடியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில், இலையின் மேல் காய்ந்துபோன பறவை எச்சம் போல ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அது நகர்ந்தது. எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது.

அந்தப் புழு சில முறை தோலுரித்தபின் எச்சத்தின் நிறத்தை விட்டு இலைப்பச்சைக்கு மாறும். எறும்போ வேறு பூச்சியோ வந்து உரசினால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டை போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டிக் கெட்ட வாடையைப் பரப்பும். அந்த ஒரு நொடியைப் படமெடுக்க நான் ஒன்பது காலைகள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரைக்கும், அதிலிருந்து சிறகு விரிப்பது வரைக்கும் எல்லாம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் ஒரே தொட்டியில் நடந்து முடிகிறது. புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் நேற்று தவறவிட்ட படத்தை இன்று அதே இடத்தில் மறுபடியும் முயன்று பார்க்க முடிகிறது.

கறிவேப்பிலை இல்லாதவர்கள் எலுமிச்சைக் கன்றை வைக்கலாம். தெருமுனையில் எருக்கஞ்செடி இருந்தால் அதன் இலைகளுக்கு அடியில் வெந்தய வரியனின் புழுக்களைத் தேடலாம். இட்லிப்பூவும் உன்னிச்செடியும் தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சிகளுக்காக. இதில் இரண்டு பொறிகள் உண்டு. நாற்றுப் பண்ணையில் வாங்கும் கன்றுகளில் பெரும்பாலும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கும். புதிய தளிர் விடும்வரை அவற்றில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது பொறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புழுவைப் பார்த்த மறுநாளே என் அம்மா வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்துவிட்டார். சமையலுக்கு ஒரு தொட்டி, புழுவுக்கு ஒரு தொட்டி என்று உடன்பாடு செய்துகொண்ட பிறகுதான் என் படங்கள் தேறின.

2. கருவிகளை இந்த வரிசையில் வாங்குங்கள்

கைபேசி மட்டும் உள்ளவர்கள் அதிலேயே தொடங்கலாம். அகலக்கோண லென்ஸைக் கொண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யும் மேக்ரோ வசதி உள்ள கைபேசிகள் பூக்களுக்கும் அசையாத புழுக்களுக்கும் போதுமானவை. விலை குறைந்த கைபேசிகளில் "மேக்ரோ கேமரா" என்ற பெயரில் தனியாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கண்ணை நம்பி வாங்காதீர்கள். அது விளம்பரத்துக்காக வைத்தது.

லென்ஸ் மாற்றும் கேமரா உள்ளவர்கள் முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். உருப்பெருக்கம் "ஒன்றுக்கு ஒன்று" என்றால், 10 மில்லிமீட்டர் நீளமுள்ள பொறிவண்டு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 10 மில்லிமீட்டராகவே விழுகிறது என்று பொருள். டிஎஸ்எல்ஆர்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சாரின் அகலம் 23 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால், அந்த வண்டு படத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்த அளவை எட்ட நான்கு வழிகள் உண்டு.

மிக மலிவானது ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த வளையத்தைக் கொண்டு இருக்கும் லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தலாம். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கலாம், 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையிலான மின்தொடர்பு அறுந்துவிடும். நிக்கான் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் ஒளி நுழையும் துளை சுருங்கி, கண்வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுபோகும் என்பதால், துளையைக் கையால் திருப்பும் வளையம் உள்ள பழைய லென்ஸே இதற்கு ஏற்றது. கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் துளையை எஃப்/8-இல் வைத்து (இந்த எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்), புல ஆழத்தை, அதாவது படத்தில் கூர்மையாக இருக்கும் ஆழத்தைக் காட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைக் கழற்றினால் துளை அதே அளவில் நிற்கும். இந்த ஒரு வரி தெரியாமல் மூன்று வாரம் எஃப்/3.5-லேயே படமெடுத்து, பூச்சியின் ஒற்றைமயிர் மட்டும் தெளிவாக இருக்கும் படங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாவது எக்ஸ்டென்ஷன் டியூப். இதில் கண்ணாடி எதுவும் இல்லை. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி நிறுத்தும் வெற்றுக்குழாய். கணக்கு எளியது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் (50 மி.மீ., 200 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 12-உம் 36-உம் சேர்த்து 48 மி.மீ. குழாயைப் பொருத்தினால் ஒன்றுக்கு ஒன்று வந்துவிடுகிறது. 200 மி.மீ. லென்ஸில் அதே குழாய் கால் பங்குகூடத் தராது. மின்தொடர்பு உள்ள குழாயையே வாங்குங்கள். தொடர்பில்லாதவை சில நூறு ரூபாய் என்றால் தொடர்புள்ளவை சில ஆயிரம் ஆகும், ஆனால் துளையைக் கேமராவிலிருந்தே மாற்ற முடிகிற வசதி அந்த விலைக்குத் தகும்.

மூன்றாவது, நான் இன்று யாருக்கும் முதலில் பரிந்துரைப்பது, லென்ஸின் முன்பக்கம் மாட்டும் தரமான க்ளோஸ்-அப் கண்ணாடி. ரேனாக்ஸ் டிசிஆர்-150, டிசிஆர்-250 ஆகிய இரண்டும் இதில் பரவலாக அறியப்பட்டவை. 250-இன் திறன் 8 டயாப்டர், அதாவது பூச்சி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். 150-இன் திறன் 4.8 டயாப்டர், தூரம் 20 சென்டிமீட்டரை ஒட்டி. டிசிஆர்-250-ஐ 200 மி.மீ.-க்கு நீட்டிய சாதாரண டெலி ஜூம் லென்ஸில் மாட்டினால் ஒன்றரை மடங்குக்கும் மேல் உருப்பெருக்கம் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு 150, சிலந்திக்கும் எறும்புக்கும் 250. மூன்று நான்கு கண்ணாடிகளை ஒரு பொட்டலமாக 500 ரூபாய்க்கு விற்பார்களே, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஓரமெல்லாம் ஊதா நிறம் வழியும்.

நான்காவதாக வருவது 90 முதல் 105 மி.மீ. வரையிலான உண்மையான மேக்ரோ லென்ஸ். புதிதாக வாங்கினால் பல பத்தாயிரங்கள் ஆகும். ஆறு மாதம் மேற்சொன்னவற்றில் பழகிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் வாங்குங்கள்.

முக்காலி வேண்டாம். அசையும் பூச்சியின் முன் மூன்று கால்களை விரித்து நிறுத்துவதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

3. வாங்கும்போது பில்லையும் வரிசை எண்ணையும் பாருங்கள்

புதுப் பொருளானாலும் பழைய பொருளானாலும் லென்ஸின் வரிசை எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். "இறக்குமதிச் சரக்கு, விலை குறைவு" என்று சொல்லி விற்கப்படும் லென்ஸ்களுக்கு இந்திய உத்தரவாதம் இருக்காது. நான் அப்படி ஒன்றை ஒரு கடையில் வாங்கி, ஏழாம் மாதம் அதன் ஃபோகஸ் மோட்டார் நின்றபோது, "கடையின் உத்தரவாதம்" என்று அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டால் எந்தப் பயனும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டேன். சீல் வைத்த உத்தரவாத அட்டையையும் பில்லையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காப்பீட்டுக்கும், காணாமல் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும், வனத்துறை விண்ணப்பத்துக்கும் அதே எண்தான் தேவைப்படும்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் கையில் ஒரு சிறிய டார்ச் எடுத்துச் செல்ல வேண்டும். துளையை முழுவதும் திறந்துவைத்து, பின்புறத்திலிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தி முன்புறம் வழியாகப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிகின்றனவா என்பது புலப்படும். அதுதான் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது மிகுதி. தூசு நாலைந்து இருந்தால் படத்தில் தெரியாது. பூஞ்சை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4. விளக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மிக அருகில் படமெடுக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழம் நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/8 வைத்தால் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். சிலந்தியின் கண் தெளிவாக இருந்தால் கால் மங்கியிருக்கும். ஆகவே துளையை எஃப்/11-க்குச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். அதோடு, ஒன்றுக்கு ஒன்று அளவில் லென்ஸ் தன் இயல்பாகவே இரண்டு நிறுத்தங்கள் ஒளியை, அதாவது நான்கில் மூன்று பங்கை, விழுங்கிவிடுவதால், எஃப்/11 என்று கேமரா காட்டுவது நடைமுறையில் எஃப்/22 போல வேலை செய்கிறது. வெயிலில்கூட இதற்குக் கைகொடுக்க ஃப்ளாஷைத் தவிர வேறெதுவும் இல்லை. இதே காரணத்தால் எஃப்/16-க்கு மேல் சுருக்கவும் கூடாது. ஆழம் கூடும், ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சாயம் போன துணியைப் போல மென்மையாகிவிடும்.

கையால் திறனைக் கூட்டிக் குறைக்கும் எளிய ஃப்ளாஷ் போதும். தானியங்கி வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எட்டில் ஒரு பங்கு அல்லது பதினாறில் ஒரு பங்கு திறனில் வைத்தால் அதன் வெளிச்சம் ஒரு நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். கையின் நடுக்கமும் செடியின் ஆட்டமும் உறைந்துபோகும். திரும்பத் திரும்ப மின்னேற்றும் நிக்கல் மின்கலங்கள் நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கிவிடுங்கள். சாதாரண ஆல்கலைன் மின்கலங்களில் ஃப்ளாஷ் மறுபடி தயாராக நேரம் ஆகும், அந்த இடைவெளியில் பூச்சி பறந்துவிடும்.

இனி, ஒரு ரூபாய் செலவில்லாத பகுதி. வெறும் ஃப்ளாஷின் ஒளி பொறிவண்டின் முதுகில் வெள்ளைக் கட்டியாக விழுந்து அதன் நிறத்தையே அழித்துவிடும். ஒளியைப் பரப்ப வேண்டும். பரப்பும் பொருள் பெரிதாகவும் பூச்சிக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை ஒரு முழப் பரப்பில் வெட்டி, ஃப்ளாஷின் தலையிலிருந்து லென்ஸின் முனைவரை ஒரு கூரை போல வளைத்து, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். உட்புறத்தில் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை ஒட்டினால் பக்கவாட்டில் கசியும் ஒளியும் முன்னே வரும். சரியாக அமைந்ததா என்று அறியக் குதிக்கும் சிலந்தியின் இரண்டு பெரிய முன்கண்களைப் பாருங்கள். உங்கள் நுரைத்தாளின் வடிவம் அவற்றில் எதிரொளிக்கும்: கூரான வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் தாள் சிறிது, அல்லது தொலைவில் இருக்கிறது, மென்மையான விளிம்புள்ள பிறை போலத் தெரிந்தால் வேலை முடிந்தது. என் ஆறாவது கூரையில்தான் அந்தப் பிறை வந்தது.

பின்னணி கன்னங்கரேலென்று வருவது அடுத்த சிக்கல். ஃப்ளாஷின் ஒளி தூரத்துக்குப் போகாததால் இப்படி ஆகிறது. பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் ஏதாவது பச்சை இலை இருக்கும்படி நிற்கும் கோணத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால், கேமரா ஒளியை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வை 800 வரை ஏற்றி, இயற்கை ஒளியும் கொஞ்சம் பதியும்படி செய்யுங்கள்.

5. கேமராவில் அமைக்க வேண்டியவை

தொடக்கத்துக்கு, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் 'எம்' (மேனுவல்) நிலையில் ஷட்டர் வேகம் 1/200 நொடி, துளை எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் பதினாறில் ஒரு பங்கு. ஷட்டரை 1/200 அல்லது 1/250-க்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியில் கருப்புப் பட்டை விழும். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வகையில் இருக்கட்டும். தானியங்கி ஃபோகஸை நிறுத்திவிடுங்கள்.

தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட்டு, மின்கலம் தீர்ந்தபோது கேமரா தானாகத் தொடக்கத் தேதிக்குப் போனதைக் கவனிக்காமல், இரண்டு மாதப் பதிவுகளின் தேதி முழுவதையும் இழந்தேன்.

6. நேரமும் பருவமும்

சூரிய உதயத்திலிருந்து எட்டரை மணி வரை உள்ள நேரமே பொற்காலம். பூச்சிகளின் உடல் சூடேறும்வரை அவற்றால் வேகமாகப் பறக்க முடியாது. மார்கழியில் தும்பிகள் புல்நுனியைப் பற்றியபடி பனித்துளி போர்த்துத் தூங்குவதைப் பத்து நிமிடம்கூட நின்று படமெடுக்கலாம். ஒன்பது மணிக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்துவது வீண் அலைச்சல். இரவு எட்டு மணிக்கு மேல் மாடியிலும் தோட்டத்திலும் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால், பகலில் கண்ணில் படாத சிலந்திகள் வலை பின்னுவதைப் பார்க்கலாம். டார்ச்சை நெற்றியருகே பிடித்தால் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் மின்னும். இரவில் மூடிய காலணி கட்டாயம், கைவைக்கும் இடத்தில் முதலில் ஒளி விழ வேண்டும். பாம்பும் தேளும் அதே வேளையில்தான் வெளியே வருகின்றன.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மழைக்குப் பிந்தைய வாரங்களே சிறந்தவை. சமவெளி மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் அதை அடுத்த தையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை விழுந்த மறுநாள் காலை செம்மண் நிலத்தில் பட்டுத்துணியில் வெட்டியெடுத்தது போன்ற செந்நிறத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்து வரும். சில நாட்களில் மறைந்துவிடும் என்பதால் அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்பது என் சொந்தக் கருத்து. சித்திரை வெயிலில் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு ஓய்வெடுங்கள்.

தொட்டியில் கூட்டுப்புழு இருந்தால் அதன் நிறத்தைத் தினமும் பாருங்கள். தோல் கண்ணாடி போலாகி உள்ளேயிருக்கும் சிறகின் வண்ணம் வெளியே தெரிந்தால், பெரும்பாலும் மறுநாள் அதிகாலையில் வண்ணத்துப்பூச்சி வெளிவரும். அன்றிரவே மின்கலங்களை மின்னேற்றிவிட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள். கூட்டைப் பிளந்து வெளியே வருவது ஓரிரு நிமிட வேலை. கசங்கிய சிறகு விரிந்து உலர்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது உங்களுக்குக் காத்திருக்கும்.

7. நெருங்கும் முறை

ஃபோகஸ் வளையத்தை வேண்டிய உருப்பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். பூச்சி தெளிவாகும்வரை உங்கள் உடலைத்தான் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முட்டியிட்டு அமர்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டபடி முன்னே சாயும்போது கண் எப்போது கூர்மையாகிறதோ அப்போது அழுத்துங்கள். பத்தில் இரண்டு தெளிவாக வந்தால் முதல் ஆண்டில் அது நல்ல கணக்கு.

யாரும் எனக்குச் சொல்லாமல் நானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த ஒரு பிடி இருக்கிறது. பூச்சி உட்கார்ந்திருக்கும் காம்பை இடதுகையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்லப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டின் மேல் லென்ஸின் முனையைச் சாய்த்துவிடுங்கள். இப்போது காற்றடித்தால் காம்பும் கேமராவும் சேர்ந்தே ஆடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாது. விரலை உருட்டிப் பூச்சியின் கோணத்தைக்கூட மாற்றலாம். பிடிப்பதற்குமுன் காம்பில் முள்ளோ, கம்பளிப்பூச்சியோ, முசுறு எறும்போ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருமுறை மாங்கிளையை அப்படிப் பிடித்து, முசுறுகள் சட்டைக்குள் ஏறிய பிறகு கேமராவை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோனது.

உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. நேராக நடந்து போகாமல் தாழ்ந்து, நின்று நின்று போங்கள். இரண்டடி தூரத்தில் ஒரு படம், ஓரடியில் ஒன்று, பிறகு மிக அருகில் என்று எடுத்தால், பூச்சி பறந்தாலும் அடையாளம் காண்பதற்கு ஒரு படமாவது கையில் இருக்கும். கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்துக்கு லென்ஸை இறக்குங்கள். மேலிருந்து எடுத்த பூச்சி, தரையில் கிடக்கும் பொருளைப் போலத்தான் தெரியும்.

8. வெளியே போகும்போது அனுமதியும் ஆவணங்களும்

மாநகராட்சிப் பூங்காவில் சிறிய கேமராவைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, முக்காலியும் பெரிய பையும் இருந்தால் "படப்பிடிப்பா?" என்று காவலாளி கேட்பார். கட்டணம் வாங்கும் பூங்காக்களில் நுழைவுச் சீட்டோடு கேமராவுக்குத் தனிச்சீட்டு இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டு வாங்கி, இரண்டையும் வெளியே வரும்வரை வைத்திருங்கள். திருவரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, வீட்டுத் தொட்டியைத் தாண்டும் முதல் பயணத்துக்கு ஏற்ற இடம்.

காப்புக்காடு வேறு கதை. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; வேலியோ பலகையோ கண்ணில் படவில்லை என்பது பதிலாகாது. சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும். அதன் 28-ஆம் பிரிவு, நுழைவு அனுமதி வழங்கத்தக்க காரணங்களில் ஒன்றாக நிழற்படம் எடுப்பதையும் குறிப்பிடுகிறது. விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைச் சுட்டி எழுதுங்கள். கிண்டியில் சிறுவர் பூங்காவுக்குச் சீட்டு வாங்கியவர் தேசியப் பூங்காவின் உட்பகுதிக்கும் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடாகப் போகும் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படமெடுக்காதீர்கள்.

என் முதல் விண்ணப்பம் ஒரு வன அலுவலகத்திலிருந்து மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. "இயற்கைப் படங்கள் எடுக்க" என்று பொதுவாக எழுதியிருந்ததே காரணம். இரண்டாம் முறை ஒரு பக்கக் கடிதத்தில் கீழ்க்கண்ட விவரங்களை எழுதினேன்: என் பெயர், முகவரி, கைபேசி எண், வர விரும்பும் தேதிகளும் மாற்றுத் தேதிகளும், பகுதியின் பெயர், பூச்சிகளையும் சிலந்திகளையும் மட்டுமே படமெடுப்பேன், எதையும் பிடிக்கவோ எடுத்துச் செல்லவோ மாட்டேன் என்ற உறுதி, விற்பனைக்கல்ல என்ற குறிப்பு, கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ் ஆகியவற்றின் வரிசை எண்கள், உடன் வருபவரின் பெயர், வண்டி எண். ஆதார் நகல் இரண்டும், முன்னர் எடுத்த ஐந்து படங்களின் அச்சுப்பிரதியும் இணைத்தேன். ஐந்து வாரத்தில் அனுமதி வந்தது. ஆகவே பயணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே எழுதுங்கள், அனுமதி கைக்கு வருமுன் விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள், கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

விமானத்தில் போகிறவர்கள் கேமராவின் உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

9. செய்யக் கூடாதவை

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்த படங்கள் உலவுகின்றன. வண்ணத்துப்பூச்சியின் கால் நீட்டிய நிலையைப் பார்த்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பறவைக் கூட்டை மறைக்கும் இலையை வெட்டாதீர்கள். அடுத்த அரைமணி நேரத்தில் காக்கை அங்கே வந்துவிடும். கூட்டிலிருக்கும் பறவைக் குஞ்சுகளைப் படமெடுக்கவே வேண்டாம். கல்லைப் புரட்டினால் இருந்த வாக்கிலேயே திரும்ப வையுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

கருவியை அலமாரியில் வைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஒன்று, இவை போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். தோல் பையிலேயே கேமராவை வைத்திருப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு 25 முதல் 30 எம்.பி. வரை இருக்கும், ஆயிரம் படம் எடுத்தால் கணினியில் 25 ஜி.பி.-க்கு மேல் போய்விடும். அன்றைக்கே உட்கார்ந்து, கண் தெளிவில்லாத படங்களை இரக்கமின்றி நீக்குங்கள். ரா கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளே போதும்.

எடுத்த உயிரினம் எது என்று தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதியோடும் இடத்தோடும் பதியுங்கள். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், பதிவும் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். வீட்டு முகவரி தெரியக் கூடாது என்றாலோ, யாராவது பிடித்துச் செல்லக்கூடிய அரிய உயிரினம் என்றாலோ, இடத்தை மங்கலாகக் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்த அழகான படத்தைவிட, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்தை நேராக ஒன்று என்ற மூன்று சுமாரான படங்களே அடையாளம் காண உதவும். முசுறு எறும்பு என்று நினைத்து மாமரத்தில் முப்பது படம் எடுத்து, அவற்றில் சிறந்ததை நான் பதிந்தபோது, மறுநாள் ஒருவர் கால்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். எட்டு இருந்தன. உணர்கொம்பு என்று நான் நினைத்தது, தூக்கிப் பிடித்திருந்த முன்னங்கால்கள். முசுறைப் போலவே உருவமும் நிறமும் கொண்டு, முசுறுகளின் பக்கத்திலேயே வாழும் குதிக்கும் சிலந்தி அது. மற்ற இருபத்தொன்பது படங்களிலும் கால்கள் சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தன. ஆகையால் எவ்வளவு நெருங்கினாலும், எல்லாக் கால்களும் உள்ளே வரும்படி ஒரு படமாவது எடுத்து வைத்துவிடுங்கள்.